முறிந்த காதலும் ஜெப எண்ணெயும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரள ஊரான பாறசாலையில் தையல் கடை வைத்திருக்கிறேன். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம். ஞாயிறு காலைத் தமிழ் ஆராதனைக்குப் போகிறவள். பிரிந்த காதலைச் சேர்த்துவைக்க ஜெபம் என்று எங்கள் எல்லைப் பகுதியில் கொடுக்கும் நோட்டீஸ்களைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். போன வாரம் பிளவுஸ் அளவு கொடுக்க வந்த 19 வயதுப் பெண் ஒருத்தி அப்படியொரு நோட்டீசைக் காட்டி, "அக்கா, இங்கே போனால் நடக்குமா?" என்று கேட்டாள். இனியும் தள்ளிப்போட மனம் வரவில்லை.

நானும் போனவள்தான். 4 வருடம் பழகி, இரண்டு வீட்டாரும் சம்மதித்து, சபையில் முதல் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்க 3 வாரமே இருந்தபோது எங்கள் கல்யாணம் நின்றுபோனது. நான் கட்டிக்கொள்ள இருந்தவர், கல்யாணச் செலவுக்காக இருவரும் சேர்ந்து கட்டிய சிட்டிப் (சீட்டு) பணத்தில் 60,000 ரூபாயை என்னிடம் சொல்லாமல் எடுத்து, தன் தங்கையின் ஆபரேஷனுக்குக் கட்டிவிட்டார். சொல்லாதது தப்புதான். ஆனால் நான் அவர் வீட்டுத் திண்ணையில், அவருடைய அப்பா உட்கார்ந்திருக்கும்போதே, "திருடன்" என்றேன். அதற்குப் பிறகு அவர் என் போனை எடுக்கவில்லை.

ஒரு ஜெப வீட்டுக்குப் போனேன். அவருடைய போட்டோவைக் கேட்டார்கள். 7,000 ரூபாய் காணிக்கை வாங்கிக்கொண்டு சின்னப் பாட்டிலில் ஜெப எண்ணெய் தந்தார்கள். 21 நாள் உபவாசமிருந்து, விடியற்காலை 3 மணிக்கு அந்தப் போட்டோவில் பூசி ஜெபிக்க வேண்டும். அவரை ஒரு ஆவி கட்டிவைத்திருக்கிறது என்றார்கள். தேவன் இணைத்ததை மனுஷன் பிரிக்கக்கூடாது என்ற வசனத்தைப் பிடித்துக்கொள், விடாமல் கூப்பிடு, கிறிஸ்துமசுக்குள் உன் வாசலில் வந்து நிற்பார் என்றார்கள். கூப்பிட்டேன். ஒரு நாளைக்கு 40 தடவை போனில். 12ஆம் நாள் மெஷினில் இருந்தபடியே மயங்கி விழுந்தேன். அதே வாரம், உடம்பு இன்னும் தேறாத அந்தத் தங்கை ஆட்டோ பிடித்துக் கடைக்கு வந்து, "அக்கா, போன் சத்தம் கேட்டாலே அண்ணன் நடுங்குறான், விட்டுடுங்க" என்று அழுதாள்.

அந்த வசனத்தை அப்புறம் நானே எடுத்து வாசித்தேன். மாற்கு 10ஆம் அதிகாரம். மனைவியைத் தள்ளிவிடலாமா என்று யூத மதப் பிரிவினரான பரிசேயர் கேட்டதற்கு இயேசு சொன்ன பதில் அது. கல்யாணம் ஆனவர்களைப் பற்றிய பேச்சு. மனமில்லாத ஒருவரை இழுத்துவர அதில் ஒரு சொல்லும் கிடையாது.

எங்கள் சபையில் முன்பு பைபிள் உமனாக (வீடுகளுக்குப் போய் வேதம் சொல்லும் பெண் ஊழியராக) இருந்த ஒரு அம்மச்சி என்னைப் பார்க்க வந்தார்கள். "மக்களே, நீ அவனுக்காக ஜெபிக்கியா, அவன் வேணும்னு ஜெபிக்கியா?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் வரவில்லை. மத்தேயு 5ஐத் திறந்து காட்டினார்கள். காணிக்கை செலுத்த வந்த இடத்தில், உன்மேல் ஒருவனுக்குக் குறை உண்டு என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாக (சமாதானமாக) வேண்டும். நான் 7,000 ரூபாயைக் கொண்டுபோய் வைத்தேன். ஒப்புரவாக மட்டும் போகவில்லை.

யாக்கோபையும் சொன்னார்கள். அண்ணன் ஏசாவை ஏமாற்றி ஓடியவன், 20 வருடம் கழித்துத் திரும்பும்போது பயந்து ஜெபித்தான். ஜெபித்த கையோடு, நொண்டிக்கொண்டே எதிரே நடந்துபோய், ஏழு தடவை தரைமட்டும் குனிந்து வணங்கினான். ஏசா ஓடிவந்து கட்டிக்கொண்டான், இருவரும் அழுதார்கள். நான் கேட்ட பிரசங்கங்கள் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். அதே அதிகாரத்தை இன்னும் கொஞ்சம் வாசித்தால் ஏசா சேயீருக்குத் திரும்புகிறான், யாக்கோபு சுக்கோத்துக்குப் போகிறான். மனம் ஒத்தார்கள், ஆனாலும் தனித்தனியாகத்தான் குடியிருந்தார்கள்.

அன்று இரவு கடிதம் எழுதித் தபாலில் போட்டேன். அப்பா முன்னால் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு மன்னிப்பு, அவ்வளவுதான். திரும்பி வாருங்கள் என்று எழுதவில்லை. 6 வாரம் கழித்து அவருடைய அப்பாவே கடைக்கு வந்தார். மகன் கொடுத்தனுப்பிய 5,000 ரூபாயை மேஜையில் வைத்து, மீதியை மாதாமாதம் தருவான் என்றார். டீ குடித்துவிட்டுப் போனார். கல்யாணம் நடக்கவில்லை. அவர் பெயரைச் சொல்லி இப்போதும் ஜெபிக்கிறேன், நன்றாயிருக்க வேண்டும் என்று.

எங்கள் பகுதிப் போதகர்களிடம் ஒன்று கேட்கிறேன். கல்யாணத்துக்கு ஆயத்தமாகிறவர்களை உட்காரவைத்துப் பேசுகிறீர்கள். கல்யாணம் நின்றுபோன பிள்ளை அடுத்த ஞாயிறு கடைசி பெஞ்சில் உட்காருகிறது, அதற்கடுத்த ஞாயிறு வருவதே இல்லை. அந்த வாரத்திலேயே ஒரு சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போங்கள். அவர் திரும்பி வருவார் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். நொறுங்குண்ட இருதயமுள்ளவர்களுக்குக் கர்த்தர் சமீபமாயிருக்கிறார் என்று சொல்லும் 34ஆம் சங்கீதத்தை வாசித்து, கூட இருந்து, ஒரு வாய் சோறு சாப்பிட வையுங்கள்.

நோட்டீஸ் காட்டிய பெண்ணை வரும் சனிக்கிழமை அம்மச்சியிடம் கூட்டிப்போகிறேன்.

ஒரு வாசகி,
பாறசாலை