மூணு சுழி தெரிகிறதா, மாப்ள?

மதுரை
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள மாப்ள,

உன் மெசேஜ் வெள்ளிக்கிழமை ராத்திரி வந்தது. கடையை அடைத்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்த நேரம். "பத்திரிகை வந்துச்சு, எழுத்தெல்லாம் மங்கலா இருக்கு, இந்தப் போன் இனிமே ஆகாது போல, பையன் டூகே ஸ்கிரீன் போன் ஒண்ணு பாத்து வச்சிருக்கான், எழுபதாயிரம் சொல்றான், மாத்திரவா?" என்று கேட்டிருந்தாய். ரெண்டு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் எழுபதாயிரம் ரூபாய் விஷயம், அதுவும் என் மகள் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துத்தான் உனக்கு அந்த யோசனையே வந்திருக்கிறது என்பதால் மனசு கேட்கவில்லை, உட்கார்ந்து விவரமாக எழுதுகிறேன்.

மாற்றாதே. அதாவது ஸ்கிரீனுக்காக மாற்றாதே. வேறு காரணம் இருந்தால் அது வேறு பேச்சு, அதற்கும் வருகிறேன்.

பத்திரிகை மங்கலாகத் தெரிந்ததற்கு உன் போன் காரணமில்லை, நான் அனுப்பிய விதம்தான் காரணம். அவசரத்தில் போட்டோவாக அனுப்பிவிட்டேன். வாட்ஸ்அப்பில் போட்டோவாகப் போட்டால் அது அப்படியே போகாது, பிக்சலை, அதாவது படத்தில் இருக்கிற புள்ளிகளைக் குறைத்து, அமுக்கித்தான் அனுப்பும். முகம், பூ, மரம் மாதிரிப் படங்களில் அது கண்ணுக்குப் படாது. எழுத்துதான் முதலில் அடிவாங்கும், ஏனென்றால் எழுத்து என்பதே விளிம்புதானே, கறுப்பு முடிந்து வெள்ளை தொடங்குகிற இடம் கூர்மையாக நிற்க வேண்டும், அமுக்கினால் அந்த இடத்தில்தான் தூசி படிந்த மாதிரி ஆகிவிடும். உனக்கு அனுப்பியதை என் போனிலேயே திறந்து பார்த்தேன். "மணமகள்" என்ற சொல்லில் ண-வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. அதே போனில் பிடிஎஃப்பைத் திறந்தேன், மூணு சுழியும் கோலம் போட்ட மாதிரித் தனித்தனியாக நின்றன. போன் அதேதான், ஸ்கிரீன் அதேதான்.

மணமகள் என்று எழுதும்போதே உனக்கு அந்த ராத்திரி ஞாபகம் வந்திருக்கும். 1998-ஆ 99-ஆ, மேலமாசி வீதியில் நாம் ரெண்டு பேரும் கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிற டிடிபி வேலை பார்த்த பிரஸ். பதினாலு இஞ்ச் மானிட்டர், 800-க்கு 600 புள்ளி, கணக்குப் போட்டால் அங்குலத்துக்கு 71 புள்ளி சொச்சம்தான் வரும். பேஜ்மேக்கரில் முழுப் பத்திரிகையையும் ஒரே பார்வையில் வைத்துப் பார்த்தால் ண, ன ரெண்டும் ஒரே கறுப்புத் தீற்றல். புரூப் எடுக்க நேரமில்லை என்று ஸ்கிரீனிலேயே படித்துச் சரி சொல்லி, ட்ரேசிங் பேப்பரில் பிரிண்ட் எடுத்து, பிளேட் போட்டு, ஐந்நூறு பத்திரிகையும் மினி ஆப்செட்டில் ஓடி முடிந்த பிறகுதான் "மனமகள்" என்று இருப்பதைப் பெண்ணின் தாய்மாமன் காட்டினார். அவர் திட்டவில்லை, "தம்பி, மூணு சுழி போடணும்ல" என்று மட்டும் சொன்னார். விடிய விடிய மறுபடி ஓட்டினோம். அன்றைக்குத் தொடங்கியது எனக்கு இந்தப் பழக்கம், எந்த ஸ்கிரீனைக் கையில் வாங்கினாலும் முதலில் ண-வைத் தேடிப் பிடித்துச் சுழியை எண்ணிப் பார்ப்பேன். தமிழ் படிக்கிறவனுக்கு இதைவிட நல்ல பரிசோதனை கிடையாது என்பது என் கட்சி. ஆங்கில எழுத்து பாதிக்குப் பாதி நேர்கோடு, கொஞ்சம் புள்ளி இருந்தாலே நின்றுவிடும். நம்முடைய ண, ஞ, ஜ, ணு, னு எல்லாம் சின்ன இடத்துக்குள் சுழியும் வளைவுமாக அடைந்து கிடப்பவை, அவற்றுக்குப் புள்ளி கூடுதலாக வேண்டும்.

அதனால் ஸ்கிரீன் கூர்மை என்பதே வெட்டிப் பேச்சு என்று நான் சொல்லவே மாட்டேன். 2012 வாக்கில் நான் வைத்திருந்த முதல் டச் போனில் 3.5 இஞ்சில் 320-க்கு 480, அங்குலத்துக்கு 165 புள்ளி. அதில் தமிழ்ச் செய்தி படித்தால் பத்து நிமிஷத்தில் நெற்றிப்பொட்டு வலிக்கும். அதிலிருந்து 5 இஞ்ச், 720-க்கு 1280 போனுக்கு மாறினேன், 294 புள்ளி. பெட்டியைப் பிரித்துத் தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்ததும் கொஞ்ச நேரம் சும்மாவே பார்த்துக்கொண்டிருந்தேன் மாப்ள, லேசர் பிரிண்டரில் 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில் எடுத்த தாள் மாதிரி இருந்தது. அந்த மாற்றத்துக்குக் கொடுத்த காசு முழுக்கத் தகும். அடுத்து அகலவாக்கில் 1080 புள்ளி இருக்கிற போனுக்குப் போனபோது, 400 சொச்சம், வித்தியாசம் தெரிந்தது என்று சொல்லலாம், ஆனால் தேடிப் பார்த்தால்தான் தெரிந்தது. இப்போது உன் கையில் இருப்பதும் என் கையில் இருப்பதும் அந்த ரகம்தான், ஆறரை இஞ்சில் 1080-க்கு 2400, கணக்குக்கு 405. உன் பையன் சொல்கிற டூகே போன் 1440-க்கு 3200 என்று வைத்துக்கொண்டால் 500-ஐத் தாண்டும். 165-லிருந்து 294-க்குத் தாவியது ஒரு தாவல். 405-லிருந்து 500-க்குத் தாவுவது காகிதத்தில் மட்டும்தான் தாவல், காரணம் நம் கண்.

2010-ல் ஐபோன் 4 வந்தபோது ஸ்டீவ் ஜாப்ஸ் அதை ரெட்டினா டிஸ்பிளே என்றார். 326 புள்ளி. பத்துப் பன்னிரண்டு அங்குலம் தள்ளிப் பிடித்தால் 300-க்கு மேல் மனிதக் கண்ணுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது என்பது அவர் சொன்ன கணக்கு. இதை நாமே போட்டுப் பார்க்கலாம். கண் டாக்டர் 6/6 என்று எழுதுகிறாரே, அந்தப் பார்வை உள்ளவரால் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு அளவுக்குத்தான் ரெண்டு புள்ளியைத் தனித்தனியாகப் பார்க்க முடியும். 30 சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் படித்தால் அது 0.087 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்துக்கு 290 சொச்சம். இப்போது நீ எவ்வளவு தள்ளிப் பிடிக்கிறாய் என்று பார். நமக்கு வெள்ளெழுத்து வந்து வருஷம் எத்தனை ஆச்சு, நாற்பதைத் தாண்டினாலே கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் விறைத்துப்போய்க் கிட்டத்தில் குவியாது. நாம் கையை நீட்டி 40 சென்டிமீட்டர் தூரத்தில் பிடிக்கிறோம். அந்தத் தூரத்துக்கு 220 புள்ளியே போதும். உன்னிடம் இருப்பது 405.

இதில் ரெண்டு விஷயம் நியாயமாகச் சொல்ல வேண்டும். 6/6 என்பது ஒரு அளவுகோல்தான், சின்ன வயசில் அதைவிடக் கூர்மையான கண் நிறையப் பேருக்கு உண்டு, கிட்டப்பார்வை உள்ள பிள்ளைகள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்க்கும், அவர்களுக்கு 400-ம் அதற்கு மேலும் பிரிந்து தெரியலாம். ரெண்டாவது, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிற அமோலெட் ஸ்கிரீனில் பெரும்பாலும் பச்சைப் புள்ளி எத்தனை உண்டோ அதில் பாதிதான் சிவப்பும் நீலமும் இருக்கும், அதனால் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 300 வேண்டிய இடத்தில் 400 இருக்கட்டும் என்று நான் நினைப்பது இதனால்தான். 500 எதற்கு என்பதற்குத்தான் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

இந்தப் புள்ளியை நேரிலேயே பார்த்துவிட்டேன். பிரஸ்ஸில் கலர் ரிஜிஸ்டர், அதாவது நாலு கலரும் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க வைத்திருக்கும் மடக்கு லென்ஸை, பத்து மடங்கு பெருக்குவது, போன் ஸ்கிரீன் மேல் வைத்துக் குனிந்து பார்த்தேன். வெள்ளை என்று எங்கேயும் வெள்ளை இல்லை. பொடிப்பொடியாகப் பச்சை, நடுநடுவே கொஞ்சம் பெரிய சிவப்பும் நீலமும், வாசலில் புள்ளி வைத்த மாதிரிச் சாய்வாக வரிசைகட்டி நின்றன. கறுப்பு எழுத்து வருகிற இடத்தில் விளக்கே இல்லை, சும்மா இருட்டு. பக்கத்திலேயே பத்திரிகையில் அச்சான பிள்ளையார் படத்தை வைத்துப் பார்த்தேன், நாலு கலரும் பூப்பூவாக விழுந்திருந்தன. லென்ஸை எடுத்தால் ரெண்டும் மறைந்து படம்தான் தெரிகிறது. நம் தொழிலிலும் ஸ்கிரீன் என்று ஒரு கணக்கு உண்டே, அங்குலத்துக்கு எத்தனை வரிசைப் புள்ளி என்று, நியூஸ் பிரிண்ட்டுக்கு 100 லைன், ஆர்ட் பேப்பருக்கு 150, 175. ஆசைப்பட்டு மட்டப் பேப்பரில் 175 லைன் போட்டால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும், மை பரவிப் புள்ளியெல்லாம் ஒட்டிக்கொள்ளும். பேப்பர் தாங்குகிற அளவுக்குத்தான் நுணுக்கம் போட முடியும். கண்ணையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

கம்பெனிக்காரர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. 2015-ல் சோனி ஐந்தரை இஞ்ச் போனில் 4கே ஸ்கிரீன் வைத்து விற்றது, எக்ஸ்பீரியா இசட்5 பிரீமியம், 806 புள்ளி, ஆனால் பெரும்பாலான வேலைகளை அந்தப் போன் 1080-லேயேதான் போட்டுக் காட்டியது. சாம்சங் கேலக்ஸி எஸ்8-ல் 1440 ஸ்கிரீன் இருந்தும் பெட்டியைத் திறந்ததும் செட்டிங் 1080-ல்தான் இருந்தது, வேண்டுமானால் நாமே கூட்டிக்கொள்ள வேண்டும். புள்ளி கூடினால் ஒவ்வொன்றையும் வரைய உள்ளே வேலை கூடும், பேட்டரி தேயும், வேறொன்றுமில்லை. 2020-ல் எஸ்20-க்கு 1440 கொடுத்துவிட்டு அடுத்த வருஷம் எஸ்21-ஐ 1080-க்கே இறக்கிவிட்டார்கள். உன் பையன் அந்த எழுபதாயிரம் ரூபாய் போனை வாங்கித் தந்தாலும் முதல் நாள் செட்டிங்கில் போய்ப் பார், அதுவும் 1080-ல் இருக்க வாய்ப்பு அதிகம்.

கடையில் பார்த்தால் பளிச்சென்று இருக்கிறதே என்பான். போன மாசம் தம்பிக்குப் போன் வாங்க டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடைக்குப் போயிருந்தேன். அங்கே வெளிச்சத்தை முழுசாகக் கூட்டி, கறுப்புப் பின்னணியில் கலர் மீன் நீந்துகிற வீடியோவை ஓட விட்டிருந்தார்கள், எந்த ஸ்கிரீனும் அதில் அழகாகத்தான் தெரியும். விற்கிற பையனிடம் கேட்டு, அந்தப் போனிலும் என் போனிலும் வெளிச்சத்தை ஒரே அளவுக்கு வைத்து, ஒரே தமிழ் நாளிதழின் இ-பேப்பர் பக்கத்தைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் பிடித்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, அந்தப் பையனுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும், அவனுக்கும் தெரியவில்லை.

தம்பி விஷயம் வேறு. அவன் உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகை போட்டிருக்கிறான் அல்லவா, மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் அன்றைக்கு என்ன விலை என்று பூ ஏற்றும்போது மெசேஜில் வரும், தோட்டத்தில் வெயிலில் நின்றுதான் பார்க்க வேண்டும். பழைய போனில் ஒன்றுமே தெரியாது, துண்டைத் தலைக்கு மேலே போட்டு அதற்குள் வைத்துப் பார்ப்பான். அது புள்ளி பற்றாத குறை இல்லை, வெளிச்சம் பற்றாத குறை. ஸ்கிரீன் வெளிச்சத்துக்கு நிட்ஸ் என்று ஒரு அளவு போடுகிறார்களே, அது கூடுதலாக இருக்கிற போனாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன், அதுவும் 1080-தான், எழுபதாயிரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இப்போது வரப்பில் நின்றே விலையைப் படிக்கிறான். இந்த மாதிரிக் காரணம் இருந்தால் மாற்றுவதை நானே சொல்வேன். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோய்விட்டது, பேங்க் ஆப் ஓடமாட்டேன் என்கிறது என்றாலும் மாற்றத்தான் வேண்டும். பேட்டரி மட்டும்தான் குறை என்றால் பேட்டரியை மட்டும் மாற்று, நான் பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆயிரத்து இருநூறு ரூபாயில் மாற்றி ஒன்றரை வருஷமாக ஓடுகிறது.

நீ முதலில் செய்ய வேண்டியது வேறு. அந்தக் கீறல் விழுந்த டெம்பர்டு கிளாஸை உரித்துப் போடு, போன தீபாவளிக்கு வந்தபோதே பார்த்தேன். எழுத்தின் அளவை ஒரு படி கூட்டு. அப்புறம் கண்ணைக் காட்டு மாப்ள. நான் நாலு மாசம் முன்னால் அண்ணாநகர் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் காட்டினேன், 1.5-ல் இருந்த பவர் 2.25 ஆகியிருந்தது. ஒரு வருஷமாகப் போன்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்குச் சர்க்கரையும் இருக்கிறது, அதற்கு வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணின் உள்ளே பார்த்தே ஆக வேண்டும். போனைவிட எனக்கு இதுதான் கவலை.

மற்றபடி இங்கே வேலை ஓடிக்கொண்டே இருக்கிறது. திருப்பரங்குன்றத்தில் கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பக்கத்து மண்டபத்தில் சாப்பாடு என்று முடிவாகிவிட்டது. பிரஸ்ஸில் ஆர்டர் முன்னே மாதிரி இல்லை, ஆயிரம் அடித்தவர்கள் இருநூறு அடித்துவிட்டு மீதியை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், ஆனால் சின்னவள் பத்திரிகையை மட்டும் முழுசாக ஆயிரம் அடித்தேன், நானே கம்போஸ் செய்து, மூணு தடவை புரூப் பார்த்து.

பிடிஎஃப்பை இப்போது டாக்குமென்ட்டாக அனுப்புகிறேன், அதை அமுக்காது. கண்ணாடி போட்டுக்கொண்டு உன் பழைய போனிலேயே திற, பெரிதாக்காமல் அப்படியே "மணமகள்" என்ற சொல்லைப் பார்த்து எத்தனை சுழி என்று எனக்கு எழுது. அடுத்த ஞாயிறு நானும் உன் தங்கச்சியும் ஓசூருக்கு வந்து நேரில் பத்திரிகை வைக்கிறோம், மடக்கு லென்ஸையும் எடுத்து வருகிறேன், உன் பையனுக்கும் காட்டலாம்.

அன்புடன்,
உன் மாப்ள