ஜெனோஸ் வாங்கலாமா என்று கேட்டாயே

அன்புள்ள நண்பா,

முதுகு வலி இன்னும் விடவில்லை என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே யமஹாவின் பெரிய கீபோர்டு ஜெனோஸ் 2 வாங்கலாமா என்று கேட்கிறாய். அதைப் படித்ததும் கவலையாகிவிட்டது, அதனால் முதலில் அதற்கே பதில்.

சவுண்டில் குறை சொல்ல முடியாது. ஆனால் உறையில்லாமலே 13.7 கிலோ, நீளம் ஒன்றேகால் மீட்டரை ஒட்டி. ஹார்டு கேஸில் போட்டால் தனியாளாகத் தூக்கிக்கொண்டு மாடியேற உன்னால் ஆகாது. நான் வாசிக்கும் யமஹா கீபோர்டு பிஎஸ்ஆர் எஸ்எக்ஸ்900 பதினொன்றரை கிலோ, ஒரு மீட்டர் நீளம். எடையில் இரண்டு கிலோதானே வித்தியாசம் என்று நினைப்பாய், ஆனால் படிக்கட்டுத் திருப்பத்திலும் காரின் பின்சீட்டிலும் உன்னைப் படுத்துவது அந்த நீளம்தான். என்னுடையதில் இருக்கும் 61 கீ போதுமா? இரண்டு கையாலும் பியானோ மட்டும் வாசிக்கும் கச்சேரி என்றால் போதாது. ஸ்டைல் (கீபோர்டே வாசிக்கும் பின்னணி இசை) போட்டு இடது கையில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பிடிக்கும்போது, ஸ்ப்ளிட்டுக்கு, அதாவது இரண்டு கைக்கும் கீகளைப் பிரிக்கும் இடத்துக்கு, மேலே வலது கைக்கு மூன்று ஆக்டேவுக்கு மேலேயே கிடைக்கிறது, தேவைப்பட்டால் ஆக்டேவ் பட்டன் இருக்கிறது.

அப்புறம், "மெஷின்தானே வாசிக்கிறது" என்று யாரோ சொன்னதை மனதில் வைத்துக்கொண்டிருக்கிறாய். விட்டுவிடு. கார்டு மாறும் நொடியில் பேஸும் கிட்டாரும் கூடவே மாறுகின்றன என்றால், அந்த முழு பேண்டையும் நடத்துவது உன் இடது கை. பல்லவிக்கு மெயின் ஏ (ஸ்டைலின் எளிய வடிவம்), டிரம்ஸும் பேஸும் மட்டும். மற்ற பார்ட்டுகளை மியூட் பண்ணிவிடு. சரணத்துக்குப் போகும்போது ஃபில் (சின்ன டிரம்ஸ் உருட்டல்) கொடுத்து, இன்னும் நிறைவான மெயின் சி-க்கு ஏற்று. பாடகர் இழுத்துப் பாடும் இடத்தில் ஸ்டைலையே நிறுத்திவிட்டு ஸ்ட்ரிங்ஸை மட்டும் பிடி, அந்த இடத்தில் பாட்டே வேறு மாதிரி ஆகிவிடும். கம்பெனி கொடுத்த ஸ்டைலை அப்படியே ஓட்டினால்தான் மெஷின் மாதிரி கேட்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் வாய்ஸ், டெம்போ, ஸ்டைல் எல்லாம் ரெஜிஸ்ட்ரேஷனில் (ஒரு பட்டனில் மொத்த செட்டிங்கையும் திரும்பக் கொண்டுவரும் நினைவகம்) சேமித்து வை, இரண்டு பென்டிரைவில் பேக்கப் எடு, இரண்டையும் ஒரே பையில் போடாதே.

சாமான் விஷயம்: மிக்ஸர் தூரத்தில் இருந்தால் நீள ஜாக் கேபிளை நம்பாதே, இரைச்சல் பிடிக்கும். கீபோர்டு பக்கத்திலேயே ஸ்டீரியோ டிஐ பாக்ஸ் (நீள தூரத்துக்கு இரைச்சல் பிடிக்காதபடி சிக்னலை மாற்றிக் கொடுக்கும் பெட்டி) வைத்து, அங்கிருந்து எக்ஸ்எல்ஆர் கேபிள் (மைக்குக்குப் போடும் மூன்று பின் கேபிள்) இழு. சக்கரம் வைத்த மடக்கு டிராலி ஒன்று கட்டாயம் வாங்கு, ஜெனோஸுக்கு முன்னால் அதுதான் வாங்க வேண்டியது. ஸ்டாண்டையும் கேபிளையும் கீபோர்டு பையிலேயே திணிக்காமல் தனிப் பையில் கொண்டு போ.

உன் ஸ்பீக்கர் எத்தனை கிலோ? முதுகை வாட்டுவது அதுவாகவும் இருக்கலாம். எழுது, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்