ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு: ஓவன் கவிதைகள் குறித்து

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பாடவேளையில் இப்போது முதல் உலகப் போரில் போரிட்ட ஆங்கிலக் கவிஞர் வில்ஃபிரட் ஓவனின் கவிதைகளைப் படித்து வருகிறோம். நச்சுப்புகையில் மூச்சுத் திணறிச் சாகும் சிப்பாயின் கதை இந்த வயதுக்கு எதற்கு என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி.

ஓவன் 1893இல் இங்கிலாந்தில் பிறந்தவர். போருக்கு முன் பிரான்சில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வந்தார். அப்போதும் கவிதை எழுதினார். பெரும்பாலும் பழைய ஆங்கிலக் கவிஞர் கீட்ஸின் சாயலில். 1915இல் படையில் சேர்ந்தார். 1917இல் போர்முனையில் மனம் நிலைகுலைந்து, எடின்பரோவில் இருந்த கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனைக்கு வந்தார். அங்கே கவிஞர் சிக்ஃபிரிட் சசூனின் நட்பு கிடைத்தது. அதன் பிறகே கண்ணால் கண்டதைக் கண்டபடி எழுதினார். நாட்டுக்காகச் சாவது இனிது என்ற பழைய லத்தீன் வரியைப் பொய் என்றே சொன்னார். அதை மேடையில் நின்றவர் சொல்லவில்லை, சேற்றில் நின்றவர் சொன்னார். பிள்ளைகள் அதைக் கேட்க வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

அவருடைய கையெழுத்துப் பிரதி ஒன்றின் நகலை வகுப்பில் காட்டினோம். வரிக்கு வரி அடித்தல், ஓவனின் எழுத்துக்கு நடுவே சசூன் கைப்படச் செய்த திருத்தங்கள், தலைப்புகூட மாறியிருக்கிறது. பிள்ளைகள் அதை வெகுநேரம் பார்த்தார்கள்.

குணமாகி மீண்டும் களத்துக்குப் போனவர், 1918 நவம்பர் 4 அன்று பிரான்சில் ஒரு கால்வாயைக் கடக்கும் சண்டையில் இறந்தார். வயது 25. அதுவரை அச்சேறியவை ஐந்தே கவிதைகள். ஒரு வாரத்தில் போர் முடிந்தது. வெற்றிக்காகத் தேவாலய மணிகள் ஒலித்த நாளில்தான் வீட்டுக்குத் தந்தி வந்தது. 1920இல் அவருடைய தாய் சூசன், தாகூருக்கு ஒரு கடிதம் எழுதினார். கடைசியாக விடைபெற்றபோது மகன் தன்னிடம் சொன்னது கீதாஞ்சலியின் வரிகளை என்றும், திரும்பி வந்த அவனுடைய குறிப்பேட்டிலும் அவை இருந்தன என்றும் அதில் தெரிவித்திருந்தார்.

அடுத்த வாரம் பிள்ளைகள் தாங்கள் நேரில் கண்ட ஒன்றைப் பற்றித் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதிவர வேண்டும். தயவுசெய்து நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டாம். இணையத்தில் எடுத்ததும் வேண்டாம். அடித்தல் திருத்தலோடு அந்த நோட்டையே கொடுத்தனுப்புங்கள். அழகாகப் படியெடுத்ததைக் கேட்கவில்லை. எந்தப் பிள்ளையாவது இந்தக் கவிதைகளால் கலங்கியிருந்தால், வகுப்பாசிரியரிடமோ என்னிடமோ தயங்காமல் சொல்லுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்