முடியும் தேதி முன்பே தெரியாதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஆளுநர் பதவி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆளுநர் வேண்டுமா, வேண்டாமா என்பதிலேயே கட்டுரை முடிந்துவிட்டது. அந்தச் சண்டை எங்கள் ஊர் டீக்கடையிலும் ஓயாமல் நடக்கிறது. ஒருவர் போனதும் அடுத்தவர் எப்போது வருவார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அரசியலமைப்புப் பாடம் எடுக்கிறேன். ஆளுநரின் பதவிக்காலம் எவ்வளவு என்று மாதிரித் தேர்வில் கேட்டால், யோசிக்காமல் 'ஐந்து ஆண்டுகள்' வட்டத்தைக் கறுப்பாக்கிவிடுவார்கள். மார்க் கிடைக்கும், சரி. ஆனால் 156-வது பிரிவை முழுதாகப் படித்தால் சங்கதி வேறு. குடியரசுத் தலைவர் விரும்பும் வரைதான் பதவி. ஐந்து ஆண்டுக் கணக்கு அதற்கு உட்பட்டதுதான். அதுவும் முடிந்த பிறகு, அடுத்தவர் பொறுப்பேற்கும் வரை இருப்பவரே தொடரலாம். தமிழக ஆளுநர்களையே பாருங்கள்: 1977-ல் வந்த பிரபுதாஸ் பட்வாரி 1980 அக்டோபரில் நீக்கப்பட்டார். 2004 நவம்பரில் வந்த பர்னாலாவோ 2011 ஆகஸ்ட் வரை இருந்தார்.

நீக்குவது பற்றியாவது 2010-ல் உச்ச நீதிமன்றம் பேசியது. மத்தியில் ஆட்சி மாறியது என்பதற்காக மட்டும் ஆளுநரை மாற்றக் கூடாது என்றது. ஒருவர் போய் அடுத்தவர் வரும் வரையான இடைக்காலம் பற்றித்தான் பேச்சே இல்லை.

குடியரசுத் தலைவருக்கு அப்படி இல்லை. 1969 மே மாதம் ஜாகிர் உசேன் இறந்ததும் துணைத் தலைவர் வி.வி.கிரி பொறுப்புக்கு வந்தார். தேர்தலில் நிற்க அவர் விலகியதும் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா வந்தார். காலியான இடத்துக்கு ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்தவும் விதி இருக்கிறது. மாநிலத்தில் துணை ஆளுநர் என்று ஒருவர் கிடையாது. 160-வது பிரிவு, எதிர்பாராத நிலைமைக்குத் தக்க ஏற்பாட்டைக் குடியரசுத் தலைவர் செய்துகொள்ளலாம் என்பதோடு நின்றுவிடுகிறது. எத்தனை நாளைக்கு என்று அதில் இல்லை.

அதன் பலனை 2016-ல் பார்த்தோம். தமிழக ஆளுநர் ரோசய்யாவின் ஐந்து ஆண்டு ஆகஸ்டில் முடிந்தது. அது முடியும் தேதி அவர் பதவியேற்ற அன்றே தெரியும்! ஆனாலும் புது ஆளுநர் வரவில்லை. மகாராஷ்டிர ஆளுநர் வித்யாசாகர் ராவுக்குக் கூடுதல் பொறுப்பு கொடுத்தார்கள். அந்தக் 'கூடுதல்' 13 மாதம் ஓடியது. எந்த 13 மாதம்? முதல்வர் ஜெயலலிதா மருத்துவமனையில் சேர்ந்து இறந்ததும், ஓ.பன்னீர்செல்வம் ராஜினாமா செய்து பிறகு எதிர்த்து நின்றதும், எடப்பாடி பழனிசாமி பதவியேற்றதும் அதற்குள்தான். 2017 பிப்ரவரி 5-ல் ராஜினாமா, ஆளுநர் சென்னைக்கு வந்தது 9-ம் தேதி. அவரைக் குறை சொல்லி என்ன? இரண்டு மாநிலத்துக்கு ஒரே ஆள்.

1947 நவம்பரில் மவுண்ட்பேட்டன் லண்டனுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, இரண்டு வாரத்துக்கே தற்காலிக கவர்னர் ஜெனரலாக ஒருவரை உட்கார வைத்தார்கள். அவர் எங்கள் ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, அப்போது மேற்கு வங்க ஆளுநர்.  அது முடிவு தெரிந்த பொறுப்பு.

கூடுதல் பொறுப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த உத்தரவிலேயே கடைசித் தேதி இருக்கட்டும், மூன்று மாதம் போதும். அதற்குள் புது ஆளுநர் வராவிட்டால் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி பொறுப்பேற்கட்டும். பட்வாரி போனபோது நீதிபதி எம்.எம்.இஸ்மாயில் சில நாள் அப்படித்தான் பார்த்துக்கொண்டார். ஏற்கெனவே வழக்குகள் மலைபோல் கிடக்க நீதிபதிக்கு இது எதற்கு என்பது நியாயமான கேள்விதான். அந்தச் சங்கடம் இருந்தால் டெல்லி சீக்கிரம் ஆளைத் தேடும் என்பது என் கணக்கு. இதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை, 160-வது பிரிவின்கீழ் ஓர் உத்தரவு போதும். தருமபுரி, கிருஷ்ணகிரி எம்.பி.க்கள் மக்களவையில் இதை ஒரு கேள்வியாகவாவது கேட்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி மாவட்டம்