முப்பதைப் பார்த்துப் பயப்படாதே

அன்பு மகளுக்கு,

ஒயின் அறைக்கு ஸ்பிளிட் யூனிட் பொருத்தி மூன்று நாள் ஆகிறது, சக்‌ஷன் கேஜ் (கம்பிரசர் கேஸை உறிஞ்சும் பக்கத்தின் அழுத்தமானி) 30 பி.எஸ்.ஐ.க்கு இறங்கிவிட்டது, இன்னும் கொஞ்சம் கேஸ் ஏற்றலாமா என்று கேட்டிருக்கிறாய். ஏற்றாதே. சிலிண்டரைத் தொடும் முன் இதை முழுவதும் படி.

வீட்டு ஏசியில் 120-ஐப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு 30 பயமாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே ஓடுவது ஆர்410ஏ என்ற கேஸ், உன் யூனிட்டில் ஓடுவது ஆர்134ஏ. இதில் 30 என்றால் அறையைக் குளிர்விக்கும் காயிலுக்குள் கேஸ் ஏறக்குறைய ஒன்றரை டிகிரியில் கொதிக்கிறது என்று பொருள். 13 டிகிரியில் நிற்க வேண்டிய அறைக்கு அது ஏற்ற அளவுதான். முதல் நாள் அறை சூடாக இருந்தது, கேஜும் உயர்ந்து நின்றது. சுவரும் மரத்தட்டுகளும் அத்தனை பாட்டில்களும் சூட்டை விட விட, கேஜ் இறங்கத்தான் செய்யும். கேஸ் எங்கும் ஓடிப்போகவில்லை.

அழுத்தத்தை எழுதினாய், சூப்பர்ஹீட்டை, அதாவது கொதித்து முடிந்த கேஸ் கொதிநிலைக்கு மேல் எத்தனை டிகிரி சூடாகிறது என்பதை, எழுதவில்லை. அதுதான் எனக்கு வருத்தம். காயிலிலிருந்து வெளியே வரும் குழாயின் வெப்பநிலையை அளந்து, கேஜ் சொல்லும் கொதிநிலையை அதிலிருந்து கழித்துப் பார். 4, 5 டிகிரி வந்தால் காயிலுக்குப் போதிய திரவம் போகிறது. 15, 20 வந்தால் காயில் பட்டினி கிடக்கிறது. அப்போதுதான் கேஸ் குறைவா, ஈரத்தை உறிஞ்சும் டிரையரில் அடைப்பா, காயிலுக்குத் திரவத்தை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வில் கோளாறா என்று தேட வேண்டும். அழுத்தம் 28-க்கும் கீழே போய், சூப்பர்ஹீட்டும் குறைவாக இருந்தால், காற்றோட்டத்தைப் பார்: அழுக்கேறிய பில்டர், மெதுவாகச் சுற்றும் விசிறி, காயிலுக்கு முன்னால் யாரோ அடுக்கிவைத்த பெட்டிகள்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். நீ பள்ளியில் படித்த காலம். ஒருவருடைய ஒயின் அறையில் கேஜ் குறைவாகக் காட்டியது என்று ஒரே மாதத்தில் மூன்று முறை கேஸ் ஏற்றினேன். சக்‌ஷன் அசையவே இல்லை, வெளியே சூட்டை விடும் கண்டென்சரின் அழுத்தம்தான் ஏறியது. காயில் முழுக்கப் பனி. கடைசியில் திரவம் கம்பிரசருக்கே திரும்பிப் போய் அதன் வால்வை உடைத்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் காயிலின் பின்பக்கம் தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. ஒரு தூரிகையோடு முடிந்திருக்க வேண்டிய வேலை. புதுக் கம்பிரசருக்கான பணத்தை நானே கொடுத்தேன்.

ஒயின் அறை ஏசி அறை மாதிரி அல்ல. காயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் காற்றின் ஈரத்தையெல்லாம் பிழிந்து வெளியே விட்டுவிடும். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நெடுநாள் கிடந்தால் தக்கை உலரும், பாட்டிலுக்குள் காற்று புகும். உரிமையாளர் பத்து ஆண்டு காத்து வைத்த சரக்கு அது.

திரவக் குழாயில் உள்ள சைட் கிளாஸ் என்ற கண்ணாடியில் குமிழி தெரிந்தாலும், கேஸ் குறைவு என்று உடனே முடிவு கட்டாதே. யூனிட் ஓடத் தொடங்கிய சில நிமிடங்களுக்குக் குமிழி வரும். வெளியே குளிராக இருக்கும் இரவிலும் வரும்.

எல்லாம் பார்த்த பிறகும் கேஸ் குறைவுதான் என்று தெரிந்தால், மேலே மேலே ஊற்றாதே. மூடிய குழாயில் கேஸ் தானாகத் தீராது, லீக் இருக்கிறது. மிச்சத்தை ரெக்கவரி சிலிண்டரில் எடு. காற்றில் திறந்துவிடாதே, ஒரு கிலோ ஆர்134ஏ ஆயிரம் கிலோவுக்கும் அதிகமான கரியமில வாயுவுக்குச் சமம். நைட்ரஜன் நிரப்பி ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவு. மறுபடி பிரேசிங் செய்து குழாயைச் சூட்டில் ஒட்டும்போது குழாய்க்குள் நைட்ரஜன் மெல்ல ஓடிக்கொண்டிருக்கட்டும், இல்லையென்றால் உள்ளே கருப்பான செம்பு ஆக்சைடு படிந்து, உதிர்ந்து வால்வை அடைக்கும். பிறகு 500 மைக்ரான் (வெற்றிடத்தில் மிஞ்சும் அழுத்தத்தை அளக்கும் நுண்ணிய அலகு) வரை வேக்குவம். பம்பை நிறுத்தி கால் மணி நேரம் பார். அந்த அளவு ஏறிக்கொண்டே போனால் லீக் இன்னும் இருக்கிறது. கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் உள்ளே ஈரம், பம்பை மறுபடி ஓட்டு. அதன் பிறகு சிலிண்டரைத் தராசில் வைத்து, யூனிட்டின் தகட்டில் உள்ள கிராம் அளவையும் கூடுதல் குழாய் நீளத்துக்கு உற்பத்தியாளர் சொன்ன அளவையும் சேர்த்து ஏற்று. இறுதித் திருத்தம் அறை 13 டிகிரியை எட்டிய பிறகு மட்டும்.

நாளை காலை அறை வெப்பநிலை, சக்‌ஷன் அழுத்தம், சூப்பர்ஹீட், சப்கூலிங் (கண்டென்சரை விட்டு வரும் திரவம் கொதிநிலைக்குக் கீழே எத்தனை டிகிரி குளிர்ந்திருக்கிறது என்பது), நான்கையும் ஒரே நேரத்தில் அளந்து எனக்கு எழுது. குழாயில் தெர்மாமீட்டரைக் கட்டும்போது மேலே இன்சுலேஷன் சுற்ற மறக்காதே.

அன்புடன்,
அப்பா