தங்கம் விலை முதல் பக்கத்தில், தக்காளி விலை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் சாப்பாட்டுச் செலவைச் சுருக்குவது பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். பசியோடு கடைக்குப் போகாதீர்கள், சீட்டு எழுதிக்கொண்டு போங்கள், ஓட்டல் சாப்பாட்டை மாதம் ஒரு தடவையாக்குங்கள் என்று இருந்தது. என் மனைவிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "இதை எழுதுனவுக வீட்ல யாரு சமைக்கிறா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். நாற்பது வருடமாகச் சீட்டு எழுதித்தான் என்னைக் கடைக்கு அனுப்புகிறாள். அவளிடம் போய் சீட்டு எழுது என்றால் வேறென்ன சொல்வாள்?

நான் 29 வருடம் பேருந்தில் கண்டக்டராக இருந்தவன். 2016-ல் ஓய்வு. வீட்டில் ஆறு பேர்: நாங்கள் இருவர், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இரண்டு. மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறார்கள். கடைகண்ணிக்குப் போவது என் டூட்டி. பழக்க தோஷம், தினமும் ராத்திரி, கண்டக்டர் டிக்கெட் கணக்கு எழுதுகிற வே பில் மாதிரி ஒரு நோட்டில் வரவு செலவு எழுதி வைத்துவிட்டுத்தான் படுப்பேன். இரண்டு வருட நோட்டைப் புரட்டிப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: வீண் செலவு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதிக்கு மேல் ஊதாரித்தனத்தில் போகவில்லை. விலை சரியாகத் தெரியாமல் போயிருக்கிறது.

எண்ணெய்ப் பாக்கெட் கதையைக் கேளுங்கள். மகன் ஒரு நாள் சூப்பர் மார்க்கெட்டிலிருந்து சூரியகாந்தி எண்ணெய் வாங்கி வந்தான். "வழக்கமா வாங்குறது 165 ரூபாய்ப்பா, இது 158தான்" என்றான். பாக்கெட் அதே உயரம், அதே அகலம். எனக்கென்னவோ கையில் எடுத்ததும் இளைத்த மாதிரி இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், என் கண்ணுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. பேரன் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினான். 850 கிராம். நாங்கள் வழக்கமாக வாங்குகிற ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் நிற்கும். அந்தக் கணக்கில் 850 கிராமுக்கு 154 ரூபாய்தான் வர வேண்டும். 7 ரூபாய் மிச்சம் என்று வாங்கியதில் 4 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறோம்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. எடையும் போட்டிருக்கிறது, விலையும் போட்டிருக்கிறது. ஒரு கிராம் இவ்வளவு, ஒரு மில்லி இவ்வளவு என்று அலகு விலையும் அச்சடிக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. பாக்கெட்டின் ஓரத்தில், மடிப்பு விழுகிற இடத்தில் 0.19 என்று எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. முன்பெல்லாம் எண்ணெய் என்றால் அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று அளவு நிலையாக இருந்தது. இப்போது 750, 800, 850 என்று அவரவர் இஷ்டம். பெரிய எழுத்தில் பெயரும், நடிகை படமும் போட இடம் இருக்கிறவர்களுக்கு அந்த 0.19-ஐ மட்டும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரிப் போட இடம் இல்லையாம்.

அப்புறம் லோடு ஆட்டோ. எங்கள் தெருவில் காலை 10 மணிக்கு வந்துவிடும். "நாலு கிலோ நூறு ரூபாய், நாலு கிலோ நூறு ரூபாய்" என்று ரெக்கார்டு செய்த குரல் வீட்டுக்குள் வரைக்கும் வரும். கிலோ 25 என்றால் மலிவுதானே என்று வெங்காயம் வாங்கினேன். மருமகள் கேக் செய்வதற்கென்று வாங்கிய சின்னத் தராசு ஒன்று இருக்கிறது. சும்மா வைத்துப் பார்த்தேன். 3 கிலோ 640. சரி, போகட்டும் என்று தரையில் சாக்கை விரித்துக் கொட்டினேன். அடியில் இருந்ததெல்லாம் நசநசவென்று இருந்தது. முளை விட்டது, கறுத்தது, அமுக்கினால் உள்ளே போகிறது என்று கழித்ததை மட்டும் திரும்பவும் தராசில் வைத்தேன், 570 கிராம். ஆக நூறு ரூபாய்க்குக் கையில் நின்றது 3 கிலோ 70. கிலோ 32 ரூபாய்க்கு மேல் ஆகிவிட்டது. அன்றைக்கு உழவர் சந்தைப் பலகையில் நல்ல வெங்காயம் 28. ஆட்டோக்காரரைக் குறை சொல்லி என்ன, அந்தத் தராசில் அரசு முத்திரை இருக்கிறதா என்று நான் குனிந்து பார்த்திருக்க வேண்டும்.

உழவர் சந்தையைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14-ல் எங்கள் மதுரை அண்ணா நகரில்தான் திறந்தார்கள். முதல்வராக இருந்த கலைஞர் கொண்டுவந்த திட்டம். அப்போது நான் டவுன் வண்டியில் இருந்தேன். சந்தைக்குப் போகிற விவசாயிகளின் காய்கறிக் கூடைக்கு லக்கேஜ் டிக்கெட் போட வேண்டாம் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். விடியற்காலை முதல் வண்டியில் கொத்தமல்லிக் கட்டும் கீரையும் ஏறினால் வண்டியே மணக்கும். உட்கார வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள், நான் கண்டுகொள்ள மாட்டேன்.

அந்தச் சந்தையில் எனக்குப் பிடித்தது காய்கறியை விடப் பலகைதான். தினமும் காலையில் அதிகாரிகள் மொத்த மார்க்கெட் விலையையும் வெளிக்கடை விலையையும் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு விலை வைத்து எழுதிப் போடுகிறார்கள். கத்தரிக்காய் இவ்வளவு, அவரை இவ்வளவு. பேரம் கிடையாது, படிக்கத் தெரிந்தால் போதும். நான் முதலில் பலகையை ஒரு தரம் முழுக்கப் படிப்பேன். அதற்குப் பிறகுதான் மனைவி எழுதிக் கொடுத்த சீட்டை எடுப்பேன். சீட்டில் பீன்ஸ் என்று இருக்கும், பலகையில் பீன்ஸ் எகிறியிருக்கும், பக்கத்திலேயே புடலங்காய் சொல்ப விலையில் இருக்கும். புடலங்காயோடு போவேன். திட்டு வாங்குவேன், அது வேறு விஷயம். இந்த ஒரு பழக்கத்தில் காய்கறிச் செலவு மட்டும் மாதம் அறுநூறு, எழுநூறு ரூபாய் குறைந்திருக்கிறது என்று என் நோட்டு சொல்கிறது.

ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். இதை விட மலிவாக எங்கே கிடைக்கும்? அரிசி இலவசம். அந்தப் புழுங்கல் அரிசியைச் சோற்றுக்கு வேண்டாம் என்பவர்கள்கூட இட்லிக்கு ஊற வைத்துப் பார்க்கலாம். நாலுக்கு ஒன்று உளுந்து, கொஞ்சம் வெந்தயம். மனைவிக்குக் கை வலி என்பதால் கிரைண்டர் இப்போது என் பொறுப்பு. கடை மாவுப் பாக்கெட் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

வெளியே சாப்பிடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். மருமகள் ஏழு மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கி வந்து அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அவள் போனில் ஆர்டர் போட்டால் நான் வாயைத் திறப்பதில்லை. ஒரே ஒரு நாள் மட்டும் விலையைக் கேட்டேன். ஆறு பரோட்டா, இரண்டு ஆனியன் ஊத்தப்பம், எல்லாம் சேர்த்து 352 ரூபாய். அந்த ஓட்டல் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். மறுநாள் போய்ச் சுவரில் மாட்டியிருந்த விலையைப் பார்த்தேன். பரோட்டா 15, ஊத்தப்பம் 70. அதே உருப்படிகளுக்கு 230, ஜிஎஸ்டி சேர்த்து 241 ரூபாய் 50 காசு. போனில் பரோட்டா 20, ஊத்தப்பம் 90 என்று ஏற்கெனவே ஏற்றி வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் பேக்கிங், டெலிவரி என்று வேறு. இப்போது மருமகள் எனக்கு போன் செய்து, "மாமா, ரெண்டு ஊத்தப்பம் சொல்லிருங்க" என்கிறாள். நான் தூக்குவாளியோடு நடந்து போகிறேன். வாளியில் வாங்கினால் சால்னா தாராளமாக ஊற்றுகிறார்கள். 2019-ல் பிளாஸ்டிக் தடை வந்தபோது பாத்திரம் கொண்டு வாருங்கள் என்று ஓட்டல்களில் எழுதிப் போட்டார்கள். நான் இன்னும் கொண்டுபோய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

பேரன் பிறந்த நாளுக்கு ஏசி ஓட்டலுக்குப் போனோம். மேசையில் விலை அட்டை இல்லை, கட்டம் கட்டமாக ஒரு படம் ஒட்டியிருந்தது. அதை போனில் காட்டினால் விலை வருமாம். என் போன் பட்டன் போன். சாப்பிட்டு முடித்ததும் பில் வந்தது. சாப்பாடு 1,460, சர்வீஸ் சார்ஜ் 73, அந்த 73-க்கும் சேர்த்து 5 சதவீதம் ஜிஎஸ்டி, மொத்தம் 1,609 ரூபாய் 65 காசு. சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் ஆணையம் சொன்னது சரி என்று தீர்ப்பளித்துவிட்டது. கல்லாவில் இருந்த தம்பியிடம் எடுத்துவிடச் சொன்னேன்.

"சார், கம்ப்யூட்டர் தானா போடுது."

"டிக்கெட் மிஷின்ல நானும் வேலை பார்த்தவன்தான் தம்பி. பட்டனை நாம அமுக்காம எதுவும் தானா வராது."

சிரித்துவிட்டான். பில் 1,533 ஆனது, 76 ரூபாய் 65 காசு திரும்பியது. எடுக்க மாட்டேன் என்றிருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போட்டிருப்பேன். எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அந்த 76 ரூபாயில் இருபதைச் சாப்பாடு பரிமாறிய வடநாட்டுப் பையன் கையில் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். மகன்தான் வெளியே வந்ததும், "பரோட்டாவுக்கு வரியே இல்லைன்னு சொன்னாங்களேப்பா" என்றான். 2025 செப்டம்பர் 22 முதல் வரி போனது பாக்கெட்டில் வாங்கி வந்து வீட்டில் சூடு செய்கிற பரோட்டாவுக்கு. ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டால் 5 சதவீதம் அப்படியேதான் இருக்கிறது.

இவ்வளவு பேசுகிற நான் ஒன்றை மறைக்கக் கூடாது. தொண்ணூறுகளில் சில வருடங்கள் சென்னை போகிற ராத்திரி வண்டியில் இருந்தேன். நடுராத்திரியில் ஒரு மோட்டலில் வண்டி நிற்கும். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் பின்னால் தனி ரூம். கோழிக் குழம்பு, ஆம்லெட், எதற்கும் காசு கிடையாது. அந்தக் காசை வண்டியில் வந்தவர்கள்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கும் தெரியும், டிரைவருக்கும் தெரியும். ஒரு நாள் கை கழுவ வெளியே வந்தேன். இரண்டு பிள்ளைகளோடு வந்த ஒரு அம்மா கல்லாவில் நின்று, "இட்லி என்ன வெலைண்ணே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சுவரில் எங்கும் விலை எழுதியிருக்கவில்லை. கல்லாவில் இருந்தவன் சொன்னான். அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக்கொண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டார். விசில் ஊதி வண்டியை எடுத்த பிறகு, பின்னால் ஆள் எண்ணப் போகும்போது அந்த வரிசையை மட்டும் பார்க்காமல் கடந்தேன்.

வண்டிக்குள் கட்டணப் பட்டியல் இல்லாவிட்டால் செக்கிங் வரும்போது என்னைக் கேட்பார்கள். ஓட்டல் வாசலில் இட்லி விலையை யாரும் கேட்பதில்லை. பழைய ஓட்டல்களில் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் எல்லா விலையும் எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். உள்ளே நுழைகிறவன் பையில் இருக்கிற காசைப் பார்த்து உட்காரலாமா, வேண்டாமா என்று முடிவு செய்துகொள்வான். அந்தப் பலகையை வரியோடு சேர்த்த விலையாக எழுதி, வாசலிலேயே மாட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டால் போதும். பாக்கெட்டில் அலகு விலையை, மொத்த விலை போடுகிற அதே அளவு எழுத்தில் தமிழில் போடச் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் அரசாங்கத்துக்கு. உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் நாளிதழில் தங்கம் விலை தினமும் முதல் பக்கத்தில் வருகிறது. எங்கள் வீட்டில் கடைசியாகத் தங்கம் வாங்கியது எட்டு வருடத்துக்கு முன்னால், மகன் கல்யாணத்துக்கு. தக்காளி நேற்றுக்கூட வாங்கினோம். அதன் விலையை என்றாவது கிலோ நூறைத் தொட்டால் படத்தோடு போடுகிறீர்கள், மற்ற நாளில் தேடினாலும் கிடைப்பதில்லை. தங்கம் விலைக்குக் கீழே அதே மாதிரி ஒரு கட்டம் கட்டி, அன்றைய உழவர் சந்தை விலையாகப் பத்துக் காய்க்குப் போடுங்கள். வெங்காயம், தக்காளி, கத்தரிக்காய், உருளை இருந்தால்கூடப் போதும். பேப்பர் எங்கள் வீட்டுக்கு ஐந்தே முக்காலுக்கு வந்துவிடுகிறது. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவது ஆறு மணிக்கு.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கண்டக்டர்,
அண்ணா நகர், மதுரை.

(பெயர் போட வேண்டாம். அந்த ஏசி ஓட்டலில் பேத்தி பிறந்த நாளுக்கும் போக வேண்டியிருக்கிறது.)