குளித்து மகிழ்ந்தவர்கள் அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஆடி அமாவாசைக்கு மறுநாள் வெளிவந்த தங்கள் பத்திரிகையின் முதற்பக்கத்தில் மட்டக்களப்பு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத் தீர்த்தக் குளத்தின் வண்ணப்படம் இடம்பெற்றிருந்தது. படம் நன்று. அதன் கீழே, ‘மாமாங்கக் குளத்தில் பக்தர்கள் குளித்து மகிழ்ந்தனர்’ என்று ஒரு வரி. படத்தின் இடது ஓரத்தில் இடுப்பளவு நீரில் முதுகு காட்டி நிற்கும் நரைத்த தலை அடியேனுடையது. நான் மகிழவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

தந்தையை இழந்தவர்கள் ஆடி அமாவாசையிலும், தாயை இழந்தவர்கள் சித்திரா பூரணையிலும் விரதமிருப்பது நம்மவர் வழக்கம் என்பதைத் தங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. என் தகப்பனார் காலமாகி 26 ஆண்டுகள் ஆகின்றன. அன்று காலை தர்ப்பைப் பவித்திரம் இரண்டு தடவை விரலிலிருந்து நழுவியது. வயது போனால் விரலும் மெலிந்துவிடுகிறது. பூட்டனாரின் பெயரில் நான் தடுமாறியபோது மகன் எடுத்துக் கொடுத்தான். எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டுத் தலை முழுகி எழுந்த வேளையில்தான் தங்கள் படப்பிடிப்பாளர் எங்களுடைய ‘மகிழ்ச்சி’யைக் கண்டிருக்கிறார். அதே நாளில் திருக்கோவில் என்னும் ஊரில் கடலில் தீர்த்தமாடியவர்களைக் கடற்கரையில் உல்லாசமாகப் பொழுது போக்கியவர்கள் என்று எழுதாமல் விட்டமைக்கு நன்றி.

இது முதல் தடவையாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் ‘கதிர்காமத்தில் நாளை நீர்வெட்டு’ என்ற செய்தியைக் குழாய்நீர் தடைப்படும் ஊர்களின் பட்டியலோடு சேர்த்து வெளியிட்டீர்கள். கதிர்காமத் திருவிழாவின் நிறைவில் மாணிக்க கங்கையில் தீர்த்தத்தோடு கொடி இறங்கும் நாளை ‘நீர்வெட்டு’ என்று சொல்வது, உகந்தை வழியாகக் காட்டுப்பாதையில் கால் கொப்பளிக்க நடந்துபோகும் எங்கள் பகுதியின் சிறு பிள்ளைக்கும் தெரியும். 2016 இல் கும்பகோணத்தில் மகாமகம் நடந்தபோது, கரையைச் சுற்றிப் பதினாறு மண்டபங்கள் நிற்கும் அந்தக் குளத்தின் படத்தைப் போட்டு ‘மட்டக்களப்பு மாமாங்கம்’ என்றீர்கள். அப்போதும் எழுதினேன், பதில் இல்லை.

சென்ற ஆண்டு ஞாயிறு மலரில் கங்கையைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்தது. கங்கையை நான் குறைத்துப் பேசுபவன் அல்லன். காசிக்குப் போய்வந்த பெரியம்மா கொடுத்த, வாய் அடைத்த செப்புச் செம்பு பத்து ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் சுவாமி அறைத் தட்டில் இருந்தது. அம்மாவின் கடைசி நேரத்தில் அதை உடைத்து ஒரு கரண்டி நீரை அவர் வாயில் விட்டவன் நான். ஆயினும், ‘இத்தகைய புண்ணிய நீர் நம் நாட்டுக்கு வாய்க்கவில்லை’ என்று அக்கட்டுரை முடிந்தமை என் நெஞ்சில் இன்னும் முள்ளாக இருக்கிறது. சாம்பலாகிக் கிடந்த சகரனின் 60,000 புதல்வர்களைக் கரையேற்றத்தானே பகீரதன் தவமிருந்து கங்கையை இறக்கினான்? பிதிர்களுக்காக இறங்கியவள் பிதிர்க்கடன் செய்யுமிடத்துக்கு வரமாட்டாளா? கங்கை, யமுனை, கோதாவரி, சரஸ்வதி, நர்மதை, சிந்து, காவேரி ஆகிய ஏழையும் பெயர் சொல்லி அழைத்து ‘இந்த நீரில் எழுந்தருளுங்கள்’ என்று குருக்கள் கும்பத்தின்மீது சொல்கிறாரே, வராதவர்களையா அவர் ஒவ்வொரு பூசையிலும் அழைத்துக்கொண்டிருக்கிறார்?

கோபத்தைத் தங்கள்மீது மட்டும் கொட்டுவது நியாயமல்ல என்பதையும் அறிவேன். கங்கைச் செம்பைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் அதே கையால் நம்மவர்கள் தீர்த்தக் குளத்தில் சம்பூ பைக்கற்றைப் பல்லால் கிழித்து ஊற்றுகிறார்கள். அன்று நான் மூழ்கி எழுந்தபோது தோளில் ஒட்டியிருந்தது சோறு சுற்றும் ஒரு பொலித்தீன் லஞ்ச் சீற். அதில் பருப்புக் கறியின் மஞ்சள் இன்னும் காயவில்லை. அமுதோடு சேர்த்துப் பெயர் சொல்லப்படும் ஊர், அனுமன் உண்டாக்கியதாக நாம் நம்பும் குளம்! விரதச் சமையலுக்குக் காத்தோட்டிக்காய் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் வரை அந்த அருவருப்பு என்னை விட்டுப் போகவில்லை.

ஆதலால் தங்களிடம் நான் கேட்பது இரண்டே இரண்டு. ‘குளித்து மகிழ்ந்தனர்’ என்பதைத் ‘தீர்த்தமாடினர்’ எனத் திருத்தி, படம் வந்த அதே முதற்பக்கத்தில் வெளியிடுங்கள். மரண அறிவித்தல்களுக்குக் கீழே பொடி எழுத்தில் வேண்டாம். அடுத்த ஆடி அமாவாசைக்கு முதல்நாள், தீர்த்தக் குளத்தில் சவர்க்காரம், சம்பூ, பொலித்தீன் வேண்டாம் என்று நான்கு வரி போடுங்கள். இடம் போதாவிட்டால் என் முதுகுப் படத்தை எடுத்துவிடலாம்.

இவ்வண்ணம்,
தங்கள் நீண்டகால வாசகன்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
மட்டக்களப்பு.